குரல் கம்மலும் புரையேறுதலும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது?

“அப்பாவுக்கு ஒரு மாதமாகக் குரல் கம்மியிருக்கிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் உண்டு. குரல் நாண்கள் பேசும்போது சேர்ந்து அதிரும். விழுங்கும்போது இறுக மூடி மூச்சுக்குழாயைக் காக்கும். ஒரு நாண் அசையாமல் போனால் நடுவில் இடைவெளி விழும். குரல் காற்றாகக் கசியும், தண்ணீரும் உள்ளே நழுவும். கெட்டியான உணவைவிடத் தண்ணீர் வேகமாக ஓடுவதால் அதுதான் முதலில் தொல்லை தரும்.

நான்கு வாரம் தாண்டிய கம்மலுக்கு மருந்துக் கடை மாத்திரை போதாது. காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டுப் பார்ப்பார். சில நிமிட வேலை. நாண் அசையவில்லை என்றால் கழுத்தோடு நெஞ்சுக்கும் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். கம்மலுக்கு நெஞ்சு எதற்கு என்று குழம்ப வேண்டாம்: குரல் நாணை அசைக்கும் நரம்பு நெஞ்சுவரை இறங்கித்தான் திரும்பத் தொண்டைக்கு ஏறுகிறது.

விழுங்குவதைப் பார்க்க, எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் பேரியம் என்ற பொருளை உணவில் கலந்து கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பதுண்டு. இருமலே வராமல் உணவு நுரையீரலுக்குள் போவதும் இதில் தெரியும்.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. அசையாத நாணை ஊசி மருந்தால் தடிக்க வைத்து இடைவெளியை அடைக்கலாம். குரல் பயிற்சியும் விழுங்கும் பயிற்சியும் கூடவே நடக்கும். அப்புறம், கிசுகிசுத்துப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைக்காதீர்கள். சிலருக்கு அது கூடுதல் சிரமம்தான்.

திடீரென்று வாய் கோணினாலோ மூச்சு திணறினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.