கேளுங்க சொல்றோம்: சென்ட்ரல் எதிர்ல இருக்குற ஜிஹெச்

இந்த தடவ வந்த கேள்வியில பாதிக்கு மேல சென்னை ஜிஹெச், அதாவது அரசு பொது ஆஸ்பத்திரி பத்திதான், அதனால மத்தத அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இதையே முழுசா எடுத்துக்கிட்டோம்.

ஜிஹெச் 350 வருஷத்துக்கு மேல பழசுன்னு சொல்றாங்களே, நெசமா சார்?
- வாசகர், விழுப்புரம்

நெசம்தாங்க. 1664 நவம்பர் 16ஆம் தேதி செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ள சின்னதா ஆரம்பிச்சாங்க, அப்ப இங்க கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜென்டா இருந்த எட்வர்ட் வின்டர்தான் முன்ன நின்னு செஞ்சாரு. கம்பெனி சிப்பாய்ங்க காய்ச்சல் பேதின்னு கொத்து கொத்தா விழுந்தாங்க, அவங்கள பாக்கத்தான் அது. நம்ம ஜனங்களுக்காக ஆரம்பிச்சது கிடையாது, அதையும் சொல்லிடணும். 1746ல ஃப்ரெஞ்சுக்காரங்க கோட்டைய புடிச்சாங்க, அதுக்கப்புறம் இடம் மாறி மாறி அலைஞ்சு 1772லதான் இப்ப இருக்குற இடத்துக்கு வந்து சேந்துச்சு. சென்ட்ரல் ஸ்டேஷன் தொறந்தது 1873ல, அதாவது ஜிஹெச் வந்து நூறு வருஷம் கழிச்சு. 1835ல ஆஸ்பத்திரியோட சேத்து மருத்துவப் பள்ளி ஆரம்பிச்சாங்க, அது 1850ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் (எம்எம்சி) ஆச்சு. ராஜீவ் காந்தி பேரு வச்சது 2011ல.

சிப்பாய்க்குன்னு கட்டுனது இன்னிக்கு எந்த ஊர்லேர்ந்து யார் வந்தாலும் பாக்குற இடமா மாறியிருக்கு. அங்க போறத "வேற வழியில்லாம ஜிஹெச்ல சேத்தோம்"னு கொறச்சு பேசுறவங்கள பாத்தா எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது. அது நம்ம வரிப்பணத்துல ஓடுற, நமக்கு உரிமையுள்ள ஆஸ்பத்திரி.

ஜிஹெச் முன்னாடி ஒரு சிலை இருக்கே, அது யாருது?
- கல்லூரி மாணவர், திருவள்ளூர்

டாக்டர் ரங்காச்சாரி. 1882ல பொறந்து 1934லயே போய்ட்டாரு, அம்பத்திரெண்டு வயசுல. அந்தக் காலத்துல மெட்ராஸ்ல கைராசி சர்ஜன்னா இவரு பேருதான் மொதல்ல வரும், வெளியூர் நோயாளிங்கள பாக்க சொந்தமா ப்ளேன் வாங்கி வச்சிருந்தாரு. அடுத்த தடவ அந்தப் பக்கம் போனா ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டு போங்க தம்பி. இன்னொரு பேரும் ஞாபகம் வச்சுக்கோங்க, டாக்டர் பி. ராமமூர்த்தி. 1950ல இதே ஜிஹெச்ல மூளை நரம்பு ஆபரேஷனுக்குன்னு தனிப் பிரிவு ஆரம்பிச்சவரு.

என் பொண்ணுக்கு எம்எம்சில சீட்டு கெடச்சிருக்கு. அங்க பொம்பளப் புள்ளைங்க எப்பலேர்ந்து படிக்கிறாங்க?
- ஒரு அம்மா, ராணிப்பேட்டை

மொதல்ல பொண்ணுக்கு எங்க வாழ்த்த சொல்லிடுங்கம்மா. 1875லேர்ந்து படிக்கிறாங்க. மெட்ராஸ்ல வக்கீலா இருந்தவரோட மனைவி மேரி ஷார்லிப், அவங்களோட சேத்து நாலு பேரு அந்த வருஷம் சேந்தாங்க, அப்ப இங்கிலாந்துலயே பொம்பளைங்க டாக்டருக்கு படிக்கிறது குதிரைக்கொம்பு. இங்க கோஷா பொம்பளைங்க, அதாவது வெளி ஆம்பளைங்க கண்ணுல படாம திரைக்குள்ளயே இருக்குறவங்க, ஆம்பள டாக்டர்கிட்ட காட்ட மாட்டாங்க, பிரசவத்துல சிக்கல் வந்தா வைத்தியமே இல்லாம செத்துப்போறாங்கன்னு பாத்து பாத்துதான் அந்தம்மா படிக்கவே வந்தாங்க. அப்புறம் 1885ல கோஷா ஆஸ்பத்திரி வர்றதுக்கும் அவங்கதான் காரணம், அதுதான் இன்னிக்கு திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. 1912ல புதுக்கோட்டை பொண்ணு முத்துலட்சுமி ரெட்டி இதே காலேஜ்ல படிச்சு டாக்டராகி, 1954ல அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்ட ஆரம்பிச்சாங்க. உங்க பொண்ணு அந்த வரிசையில போய் நிக்கப்போகுது.

ஆக்ஸிடென்ட் கேஸ்னா போலீஸ் வந்து எஃப்ஐஆர் போட்டாத்தான் பாப்பாங்களாமே? தூக்கிட்டு போறவங்களையும் ஸ்டேஷனுக்கு இழுப்பாங்கன்னு பயமா இருக்கு.
- ஆட்டோ ஓட்டுநர், தாம்பரம்

இந்த பயத்தாலயே ரோட்டுல எத்தன உசுரு போயிருக்கு! எஃப்ஐஆருக்காக காத்திருக்கவே கூடாது, வைத்தியம்தான் மொதல்லன்னு சுப்ரீம் கோர்ட் 1989லயே சொல்லிடுச்சு, அது கவர்மென்ட் ஆஸ்பத்திரி பிரைவேட் ரெண்டுக்கும் சேத்துதான். ஆஸ்பத்திரியிலயே ஏஆர் (ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர்) என்ட்ரி போட்டு போலீஸுக்கு அவங்களே தகவல் அனுப்பிடுவாங்க. தூக்கிட்டு வந்தவங்க பேரு அட்ரஸ் கூட சொல்லணும்னு கட்டாயமில்ல, 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துலயே அந்தப் பாதுகாப்ப சேத்துட்டாங்க. 108க்கு போன் அடிங்க, இல்ல உங்க ஆட்டோவுலயே தூக்கிப்போட்டு கொண்டு போங்க.

2021 டிசம்பர்லேர்ந்து "இன்னுயிர் காப்போம்" திட்டம் இருக்கு, தமிழ்நாட்டு எல்லைக்குள்ள அடிபட்டா மொத 48 மணி நேர வைத்திய செலவு, திட்டத்துல சொல்லியிருக்குற வரம்பு வரைக்கும், அரசாங்கத்தோடது, வெளிமாநிலத்துக்காரரா இருந்தாலும் சரி இன்சூரன்ஸ் கார்டே இல்லன்னாலும் சரி, திட்டத்துல இருக்குற பிரைவேட் ஆஸ்பத்திரியிலயும் இது செல்லும். எமர்ஜென்சி உள்ள போனா செவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிச்சிருப்பாங்க, உசுருக்கு ஆபத்துன்னா செவப்பு. கையில சிராய்ப்போட பச்சையில ஒக்காந்திருக்குறவர காக்க வச்சாங்கன்னா அவர கண்டுக்கலன்னு அர்த்தமில்ல, உள்ள யாரோ மூச்சுக்கு தவிக்கிறாங்கன்னு அர்த்தம். அங்க போய் சத்தம் போடாதீங்க, தயவுசெஞ்சு.

ஜிஹெச்ல குடுக்குற மாத்திரை வேலை செய்யாதுன்னு சொல்றாங்களே?
- வாசகி, காஞ்சிபுரம்

தப்பு. 1994ல தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்னு தனியா ஆரம்பிச்சு, மொத்த மாநிலத்துக்கும் டெண்டர் போட்டு மொத்தமா வாங்குறாங்க, லேபுக்கு சாம்பிள் அனுப்பி பாஸ் ஆனாத்தான் ஆஸ்பத்திரிக்கு போகும். கடையில பளபளன்னு இருக்குற அட்டை இங்க சாதாரணமா இருக்கும், உள்ள இருக்குற மருந்து அதேதான். மாத்திரைய பாதியில நிறுத்துனா மட்டும் எந்த மருந்தும் வேலை செய்யாது, சுகர் பிரஷர்காரங்க இத நல்லா கேட்டுக்கோங்க.

அப்பாவுக்கு ஹார்ட் ப்ராப்ளம், ஊர்லேர்ந்து கூட்டிட்டு வரணும். என்னென்ன எடுத்துட்டு வரணும்?
- வாசகர், கள்ளக்குறிச்சி

காலையில சீக்கிரமே வந்து ஓபி சீட்டு போட்டுடுங்க, மதியம் வந்தா ஒரு நாள் வீண். ட்ரெயின்ல வந்தா எழும்பூர்ல எறங்கி லோக்கல் ட்ரெயின்ல பார்க் ஸ்டேஷன் வந்துடுங்க, அங்கேர்ந்து நடந்தே வந்துடலாம். பழைய ஈசிஜி, எக்கோ, சாப்பிடுற மாத்திரையோட அட்டை, எல்லாத்தையும் தேதி வாரியா ஒரே ஃபைல்ல போட்டு கொண்டு வாங்க, மாத்திரை பேர வாயால சொல்லாதீங்க, அட்டையவே காட்டுங்க.

முக்கியமானது இன்சூரன்ஸ் கார்டு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல சேரலாம், வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கவர் ஆகும். கார்டு இல்லன்னா ஊர்லயே விஏஓகிட்ட வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு மையத்துல போட்டுட்டு கெளம்புங்க. ஆனா நெஞ்சுவலி இப்பவே இருக்குன்னா கார்டு, சீட்டு எதையும் பாக்காதீங்க, பக்கத்துல இருக்குற கவர்மென்ட் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு உடனே கொண்டு போங்க, மேல அனுப்பணும்னா அவங்களே ஆம்புலன்ஸ்ல அனுப்புவாங்க. வார்டுல யாராவது சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்னு காசு கேட்டா பத்து ரூபா கூட குடுக்காதீங்க, அரசாங்க சுகாதார உதவி எண் 104க்கு போன் பண்ணி சொல்லுங்க.