நீண்ட தூரம் ஓட்டினால் பைக் சீட் வலிக்கிறது, அதிர்வும் போகவில்லை: எதை முதலில் சரிசெய்வது?

இரண்டு மணி நேரம் ஓட்டினாலே உட்கார முடியாமல் போகிறது, கை மரத்துப்போகிறது, சர்வீஸ் விட்டும் அதிர்வு குறையவில்லை, சீட்டை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம், ஆனால் அது கடைசி வேலையாக இருக்கட்டும். நீண்ட தூரம் ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், சீட் மேல் பழி விழும் பல வண்டிகளில் தொல்லை சீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. செயினும் ஷாக் அப்சார்பரும் சரியில்லாத வண்டியில் எவ்வளவு நல்ல ஸ்பாஞ்சு போட்டாலும் காசுதான் வீண்.

முதலில் அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஆளில்லாத நேரான சாலையில், அதிர்வு தெரியும் வேகத்தில் போய்க்கொண்டே ஒரு கியர் குறையுங்கள், வேகத்தை மட்டும் அப்படியே வைத்திருங்கள். அதிர்வின் தன்மை மாறினால் அது எஞ்சின் பக்கத்தைச் சேர்ந்தது. மாறவே இல்லை என்றால் சக்கரம், டயர், செயின் பக்கம் பாருங்கள். கிளட்சைப் பிடித்து எஞ்சின் வேகத்தை இறங்கவிட்டுப் பார்த்தாலும் இதே பதில் கிடைக்கும்.

இரண்டையும் உடம்பே பிரித்துச் சொல்லிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 17 அங்குலச் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 8, 9 முறைதான் சுற்றுகிறது. எஞ்சின் 5000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5000 சுற்று) ஓடும்போது நொடிக்கு 83 சுற்று. அதனால் சக்கரக் கோளாறு ஆட்டமாகத் தெரியும், எஞ்சின் கோளாறு மெல்லிய துடிப்பாக, கூச்சமாகத் தெரியும். உங்கள் கை மரத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த இரண்டாவது வகைதான்.

எஞ்சின் பக்கம் என்றால், எஞ்சினைச் சேசிஸோடு பிணைக்கும் மவுண்டிங் போல்ட்டுகளை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். என் வண்டியில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஃபுட்ரெஸ்ட்டும் சீட்டும் ஒன்றாகக் கூசும். சிங்கிள் சிலிண்டர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சர்வீஸில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சிங்கிள் சிலிண்டரில் ஓரளவு அதிர்வு இயல்புதான், அதைக் குறைக்கத்தான் பல எஞ்சின்களில் பேலன்சர் ஷாஃப்ட் என்ற எதிர் எடைத் தண்டை வைக்கிறார்கள். ஆனால் முன்பு இல்லாத அதிர்வு புதிதாக வந்தால் அதற்கென்று ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும். வேறொரு மெக்கானிக் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்துப் பார்த்தபோது பின்பக்க மவுண்டிங் போல்ட் தளர்ந்திருந்தது. மேனுவலில் சொன்ன அளவுக்கு முடுக்கியதும் கூச்சம் நின்றது. வெறும் ஸ்பானரில் பலம் உள்ளவரை முறுக்குவது இதற்கு வழி இல்லை, மரை போய்விடும்.

இன்னொரு சின்ன இடம், யாரும் பார்ப்பதில்லை. சீட்டைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டில் சில ரப்பர் புஷ்கள் இருக்கும், சீட் சேசிஸ் மேல் நேரடியாக உட்காராமல் அவைதான் தாங்குகின்றன. ஒன்று விழுந்திருந்தாலும் தட்டு இரும்பில் உரசி, எஞ்சின் கூச்சம் மொத்தமும் உங்கள் மேல் ஏறும். புது புஷ் போடுவது சில நிமிட வேலை.

அப்புறம் செயின். தொங்கலாக இருந்தால் அடிக்கும், அது எல்லோருக்கும் தெரியும். டைட்டாக இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நீங்கள் உட்கார்ந்து வண்டி அமுங்கும்போது, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலே எழும்புகிறது, பெரும்பாலான வண்டிகளில் செயின் அப்போது இன்னும் இறுகும். ஏற்கெனவே டைட்டான செயின் பின் ஷாக்கை முழுதாக வேலை செய்ய விடாது. பள்ளத்தில் இறங்கும் அடி நேராக முதுகில் விழும், கியர்பாக்ஸ் பேரிங்கும் தேயும். நிறைய வண்டிகளுக்குச் செயின் நடுவில் மேலும் கீழுமாக 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் சொல்லியிருப்பார்கள், உங்கள் வண்டிக்கான அளவை மேனுவலில் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் அளந்து, எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் அளவு வையுங்கள். ஓரிடத்தில் தளர்வு, ஓரிடத்தில் இறுக்கம் என்று பெரிய வித்தியாசம் இருந்தால் செயின் ஆயுள் முடிந்துவிட்டது. அப்போது ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஓ-ரிங் செயினைப் (கண்ணிகளில் ரப்பர் வளையம் உள்ள செயின்) பெட்ரோலில் கழுவ வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும். எண்ணெய் விடுவதை ஓட்டி முடித்து, செயின் சூடாக இருக்கும்போது செய்தால் உள்ளே நன்றாக இறங்கும்.

டயர் காற்றை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, நீங்கள் நிரப்ப வேண்டியது வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். அதிகக் காற்று அடித்தால் மைலேஜ் கூடும் என்று சொல்வார்கள், இடுப்புதான் அதற்கு விலை கொடுக்கும். ஹேண்டில் மட்டும் ஆடினால் கோன் செட்டையும் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) முன் சக்கர பேலன்ஸையும் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் டிஸ்க்கை.

பின் ஷாக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வலிக்கு இதன் பங்கு அவ்வளவு பெரியது. ப்ரீலோடை, அதாவது ஷாக் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவைக் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மையில் அது வண்டி நிற்கும் உயரத்தைத்தான் மாற்றுகிறது. நீங்கள் உட்கார்ந்ததும் பின் சக்கரத்தின் மொத்த ஓட்டத்தில் (அது மேலும் கீழும் நகரக்கூடிய தூரம்) ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமுங்கியிருக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தரையைத் தொடாதபோது ஆக்சிலிலிருந்து (சக்கர அச்சு) சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு நீங்கள் முழு உடையோடு உட்கார, இன்னொருவர் அதே இடத்தை அளக்கட்டும். 120 மில்லிமீட்டர் ஓட்டம் உள்ள வண்டிக்கு வித்தியாசம் 40 அளவில் இருந்தால் சரி. மிகக் குறைவாக இருந்தால் ப்ரீலோடைக் குறையுங்கள், அதிகம் என்றால் கூட்டுங்கள். இரட்டை ஷாக் என்றால் இரு பக்கமும் ஒரே படியில் இருக்கட்டும். பள்ளத்தைத் தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று முறை குதித்துக்கொண்டே போனால், அல்லது ஷாக் தண்டில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால், குதிப்பை அடக்கும் டேம்பிங் போய்விட்டது. அதை எந்த சீட்டும் ஈடுகட்டாது.

இவ்வளவும் சரி, இன்னும் வலிக்கிறது என்றால் இப்போது சீட்டுக்கு வரலாம். மெத்தென்று இருந்தால் வசதி என்று நினைப்பதுதான் இங்கே பெரிய பொறி. உட்காரும்போது உடம்பின் எடை இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகளில் இறங்க வேண்டும். மென்மையான ஸ்பாஞ்சு கொஞ்ச நேரத்தில் அந்த முனைகளுக்குக் கீழே முழுக்க நசுங்கி, எலும்பு அடித்தட்டைத் தொட்டுவிடும். சுற்றியுள்ள சதை அழுந்தி ரத்த ஓட்டம் குறைகிறது, அதுதான் அந்த எரிச்சலும் மரப்பும். கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது சுகமாக இருக்கும் சீட் நெடுஞ்சாலையில் கைவிடுவது இதனால்தான்.

ஆகவே சீட் வேலை செய்பவரிடம் அடியில் உறுதியான, அடர்த்தி அதிகமான ஃபோம், மேலே மெல்லிய மென்மையான அடுக்கு என்று கேளுங்கள். ஜெல் பேட் வேண்டும் என்றால் உறுதியான ஃபோமுக்கு மேல்தான் வைக்க வேண்டும், வெயிலில் நிறுத்தினால் அது சூடாகும் என்பதும் நினைவிருக்கட்டும். எலும்பு முனைகள் இறங்கும் இடத்தில் சீட் போதிய அகலம் உள்ளதாக இருக்கட்டும், தையல் அந்த இடத்தில் வரவே கூடாது. முன்பக்கச் சரிவைக் கட்டாயம் குறைக்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் சீட் டேங்கை நோக்கிச் சரிந்திருக்கும், நீங்கள் வழுக்கி முன்னே போகப் போகக் கைகளால் உங்களையே தாங்கிப் பிடிக்கிறீர்கள். கை மரத்துப்போவதில் இதற்கும் பங்கு உண்டு. கவருக்கு அடியில் நீர் புகாத ஷீட் ஒன்று போடச் சொல்லுங்கள், நனைந்த ஃபோம் கனத்து, சீக்கிரம் கெட்டுப்போகும். உயரம் கூடினால் முழங்காலுக்கு நல்லது, ஆனால் கால் தரையை எட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சீட்டை வெட்ட மனமில்லை என்றால் காற்றுக் குஷன் நல்ல வழி. அதைப் பாதிக்குக் கீழே நிரப்புங்கள், உட்கார்ந்தால் சீட்டிலிருந்து உங்களை ஒரு விரல் உயரம் தூக்கினால் போதும். உப்ப ஊதினால் வளைவுகளில் உடம்பு ஆடும்.

உடையில் தடித்த தையல் உள்ள ஜீன்ஸ் வேண்டாம், உள்ளாடையிலும் தையல் குறைவாக இருப்பது நல்லது. டேங்கை முழங்கால்களால் லேசாகப் பிடித்துக்கொண்டால் கையின் பாரம் இறங்கும். கிளட்ச், பிரேக் லீவர்கள் முன்கையின் நேர்க்கோட்டில் இருக்கும்படி திருப்பி வையுங்கள். வலி தொடங்கும் வரை காத்திருக்காமல் மணிக்கொரு முறை இறங்கி நடங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள், அப்போதுதான் எது பலித்தது என்று தெரியும். வண்டியை விட்டு இறங்கிச் சில மணி நேரம் ஆகியும் மரப்பு போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், அது நரம்பு அழுந்தும் அறிகுறியாக இருக்கலாம். என்ன வண்டி, எந்த வேகத்தில் அதிர்வு வருகிறது, கியர் குறைத்துப் பார்த்தபோது என்ன ஆனது என்று எழுதினால் இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.