வளர்த்தவரும் தந்தையா?

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டையில் வசிக்கும் இந்துக் குடும்பத்தினர். என் முதல் கணவர் இறந்தபின் மறுமணம் செய்துகொண்டேன். முதல் மணத்தில் பிறந்த மகனுக்கு இப்போது வயது 11. துறைமுகத்தில் வேலை பார்க்கும் இவர்தான் ஒன்பது ஆண்டுகளாக அவனை வளர்க்கிறார். எங்களுக்கு ஒரு மகளும் இருக்கிறாள். இவருக்குப் பின் வாரிசுச் சான்றிதழில் மகன் பெயர் வருமா? முதல் கணவரின் தந்தைக்குக் காசிமேட்டில் ஒரு வீடு உண்டு. லண்டனில் இருக்கும் என் தங்கை, அங்கே இதெல்லாம் எளிது என்கிறாள், உண்மையா?

பதில்: இன்றுள்ள நிலையில் வராது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 'மகன்' என்பது பெற்ற மகனையும் முறைப்படி தத்தெடுத்த மகனையும்தான் குறிக்கும். மனைவியின் முந்தைய மணத்துப் பிள்ளையை எத்தனை ஆண்டு வளர்த்திருந்தாலும் அந்தச் சொல்லுக்குள் அவன் அடங்கமாட்டான். தாம் சம்பாதித்த சொத்தை உங்கள் கணவர் அவனுக்கு உயில் எழுதிவைக்கலாம். ஆனால் உயில் சொத்தைத் தருமே தவிர, தந்தை என்ற உறவைத் தராது.

அதற்குத் தத்தெடுக்க வேண்டும். இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, மாறான வழக்காறு இல்லாவிட்டால், பையனுக்கு 15 வயது நிறையும் முன்பே அது நடக்க வேண்டும். தத்தெடுப்பவருக்கு ஏற்கெனவே மகன் இருக்கவும் கூடாது. உங்கள் இரண்டாவது குழந்தை ஆணாகப் பிறந்திருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும் என்பது, இன்றைய குடும்பங்களைப் பார்க்கையில், எனக்கு விந்தையாகவே படுகிறது. அப்படிப்பட்டவர்கள் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியரின் ஆணையைப் பெற வேண்டியிருக்கும்.

தத்துக்கு ஒரு விலையும் உண்டு. தத்து நாள் முதல் பையனுக்கும் பிறந்த தந்தைவழிக் குடும்பத்துக்குமான சட்ட உறவு அறுகிறது. உங்கள் முதல் கணவர் விட்டுச்சென்றதில் அவனுக்கு ஏற்கெனவே வந்துசேர்ந்த பங்கு போகாது. ஆனால் தாத்தா உயில் எழுதாமல் காலமானால், முன்னரே இறந்த மகனின் மகன் என்ற முறையில் காசிமேட்டு வீட்டில் அவனுக்குக் கிடைக்கக்கூடிய பங்கு போய்விடும்.

உங்கள் தங்கை சொல்வது பாதி உண்மை. இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, தாயை மணந்தவர் ஒப்பந்தத்தின் மூலமோ நீதிமன்ற ஆணையின் மூலமோ பெற்றோர் பொறுப்பைப் பெறலாம். பழைய உறவு அறுவதில்லை. ஆயினும் உயில் இல்லையென்றால் அங்கும் அந்தப் பிள்ளை தானாக வாரிசு ஆவதில்லை. குடும்பத்துப் பிள்ளையாக நடத்தப்பட்டவன் என்று 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் பங்கு கோரத்தான் முடியும். பிரான்சில் உள்ள 'எளிய தத்து' பிறந்த குடும்பத்து வாரிசுரிமையை விட்டுவைத்தே புதிய தந்தையையும் தருகிறது. எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான். வேறு சட்டத்தைப் பார்க்கக் கடல் தாண்டவும் வேண்டாம்: மண்ணடியில் வாழும் இஸ்லாமியக் குடும்பத்தில் வளர்ப்புப் பிள்ளை பெற்றவரின் வம்சத்திலேயே தொடர்வான், வளர்த்தவர் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குவரை அவனுக்கு உயில் எழுதலாம்.

பள்ளிப் பதிவேட்டிலோ வேறு ஆவணத்திலோ இவரை 'மாற்றாந்தந்தை' என்றுதான் குறிக்க வேண்டும் என யாராவது வற்புறுத்தினால், 2022இல் அகெல்லா லலிதா வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய உத்தரவைக் கொடுமையானது என்று கண்டித்து நீக்கியதை எடுத்துக்காட்டுங்கள். தந்தை இறந்தபின் பிள்ளையின் குடும்பப் பெயரை முடிவுசெய்யவும் அவனைத் தத்துக் கொடுக்கவும் தாய்க்கு உரிமை உண்டென்று அதே தீர்ப்பு கூறுகிறது. தத்துப் பத்திரத்தைப் பதிவுசெய்வதற்கு முன், காசிமேட்டு வீட்டின் ஆவணங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். உங்களுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள்தான் இருக்கின்றன.