மிச்சிகன் ஏரியில் புதுப் படகோடு சால்மன் பிடிக்க எங்கிருந்து தொடங்குவது?

புதுப் படகு வாங்கியாச்சு, ட்ரோலிங் செய்து, அதாவது ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே போய், சால்மன் பிடிக்க வேண்டும், எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் படகின் பின்பக்கம் அடியில் இருக்கும் வடிகால் துளையை அடைத்துவிட்டு ஏரியில் இறக்குங்கள். சிரிக்காதீர்கள், முதல் நாள் நான் அதை மறந்து, மீனுக்குப் பதிலாக வாளியால் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஆழம். சினூக் சால்மன் இந்த ஏரியின் சொந்த மீன் இல்லை, பெருகிப்போன அலைவைஃப் மீன்களைத் தின்னட்டும் என்று 1967-இல் கொண்டுவந்து விட்டது. அதற்குக் குளிர்ந்த நீர்தான் பிடிக்கும். கோடையில் மேல்தண்ணீர் சூடாகிவிடும், கீழே ஒரு மட்டத்தில் சட்டென்று குளிரும். 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் இருக்கும் இடத்தை ஒட்டி ஸ்பூனை, அதாவது சின்ன மீன்போல மினுங்கும் உலோகப் போலி இரையை, ஓட்டுங்கள். அதற்குத்தான் டவுன்ரிகர்: நாலைந்து கிலோ குண்டு ஒன்றைக் கம்பியில் இறக்குவீர்கள், தூண்டில் நூல் அதன் கிளிப்பில் மாட்டியிருக்கும், மீன் இழுத்ததும் நூல் விடுபட்டு, வளைந்து நின்ற கழி விருட்டென்று நிமிர்ந்து மறுபடி வளையும்.

வேகம் மணிக்கு 2 முதல் 3 மைல். ஆனால் ஜிபிஎஸ் காட்டுவது படகின் வேகத்தை, கீழே நீரோட்டம் வேறு மாதிரி இருக்கலாம். அதனால் நேராகவே போகாமல் அவ்வப்போது வளைத்து ஓட்டுங்கள். வெளிப்பக்கத் தூண்டில் வேகமாகப் போகும், அதில் கடித்தால் கொஞ்சம் வேகம் கூட்டுங்கள், உள்பக்கத்தில் கடித்தால் குறையுங்கள்.

முதல் சில தடவை இரண்டு கழி போதும். நாலு கழி போட்டால் சிக்கெடுக்கவே பொழுது சரியாக இருக்கும்.