விண்டோஸுக்கு இரண்டாம் முறை காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பள்ளத்தூரில் இருக்கிறேன். மகன் 2021-இல் சிங்கப்பூரில் வாங்கிக் கொடுத்த லேப்டாப், இன்டெல் 11-ஆம் தலைமுறை. முதலில் விண்டோஸ் 10 இருந்தது, பிறகு 11 ஆகிவிட்டது. இப்போது திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது. காரைக்குடியில் ஒரு கடையில் காட்டினால், "சுத்தமா அழிச்சு ஒரிஜினல் விண்டோஸ், ஆபீஸ், ஆன்ட்டிவைரஸ் போட 4,500 ரூபாய். ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க" என்கிறார்கள். உள்ளே எங்கள் அறுபதாம் கல்யாணப் படங்களும் கோயில் புள்ளிக் கணக்கும் (குடும்ப வாரியான கணக்கு) இருக்கின்றன. கொடுக்கலாமா, நானே செய்ய முடியுமா?

பதில்: கொடுக்க வேண்டாம் ஐயா. நீங்களே செய்யலாம்.

முதலில் அந்த "ஒரிஜினல் விண்டோஸ்" கதை. உங்கள் மகன் லேப்டாப் வாங்கியபோதே விண்டோஸுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறார். அந்த உரிமம் உங்கள் லேப்டாப்பின் மதர்போர்டோடு பிணைந்தது. எத்தனை முறை அழித்துப் போட்டாலும் இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போய்ப் பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருக்கும். நடுவில் கீ கேட்டால், "என்னிடம் கீ இல்லை" என்பதைத் தட்டிவிட்டு மேலே போகலாம். சில கடைகளில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? உங்களிடம் இருப்பது ஹோம் பதிப்பு. அவர்கள் கைவசப் பென்டிரைவிலிருந்து புரோ பதிப்பைப் போடுவார்கள். அது ஆக்டிவேட் ஆகாது. உடனே ஆன்ட்டிவைரஸை அணைத்துவிட்டு, எங்கிருந்தோ இறக்கிய ஒரு கிராக்கை, அதாவது உரிமப் பூட்டை உடைக்கும் திருட்டு நிரலை, ஓட்டுவார்கள். அந்தக் கிராக்கோடு கூடவே என்ன வந்தது என்பது அவர்களுக்கே தெரியாது. அதே லேப்டாப்பில்தான் நீங்கள் நெட் பேங்கிங் பார்ப்பீர்கள். விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்ற ஆன்ட்டிவைரஸ் இருக்கும்போது தனி ஆன்ட்டிவைரஸுக்கும் காசு தர வேண்டியதில்லை.

"10 லேசா இருக்கும், அதையே போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இப்போதைய விண்டோஸ், நிறுவும்போதே மைக்ரோசாப்ட் கணக்கு கேட்டு அடம் பிடிக்கிறது. கடைப் பையன் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலையே போட்டு முடித்துவிடுவான். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் பல லேப்டாப்களில் கேட்காமலே இயங்கத் தொடங்கும்; அதைத் திறக்கும் 48 இலக்க எண் அந்தப் பையனின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். புது வீட்டுக்குக் குடிவந்த பிறகும் முகப்புக் கதவுச் சாவி கொத்தனார் மடியிலேயே இருப்பது மாதிரி. ஒருநாள் திடீரென்று லேப்டாப் அந்த எண்ணைக் கேட்கும், பையன் வேறு ஊருக்குப் போயிருப்பான். இப்படியொரு பூட்டை உரிமையாளருக்கு உறைக்கும்படி சொல்லாமல் போட்டுவிடும் நிறுவனத்தை என்ன சொல்ல! ஆகவே இன்றைக்கே உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் அந்த எண் இருக்கிறதா பார்த்து, ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

சரி, இப்போது பிரதி எடுக்கும் வேலை. டெஸ்க்டாப்பில் இருக்கும் படத்தை இழுத்துப் பென்டிரைவில் போட்டுவிட்டு "எடுத்தாச்சு" என்பார்கள். மூலையில் சின்ன அம்புக்குறி இருந்தால் அது வெறும் ஷார்ட்கட். உள்ளே ஒன்றும் இராது. ஃபோல்டரையே எடுத்து, வேறொரு கணினியில் நாலைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகுதான் அழிக்க வேண்டும். "டி டிரைவில் இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்று நம்பாதீர்கள். பெரும்பாலான லேப்டாப்களில் சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். எல்லாப் பகுதிகளையும் அழித்தால் இரண்டும் போகும்.

புள்ளிக் கணக்கு எந்த எழுத்தில் தட்டச்சானது என்று பாருங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவாக இருந்தால், புது விண்டோஸில் பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கோப்பு கெட்டுவிடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருவையும் எடுத்துவையுங்கள். எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடைத் தமிழக அரசு 2010-இலேயே தரமாக்கி ஆணை போட்டாயிற்று, தட்டச்சுக் கடைகளுக்கு மட்டும் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. கணக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருந்தால், டேட்டா ஃபோல்டரை எடுப்பதோடு அழிக்கும் முன் லைசென்ஸை சரண்டர் செய்துவிட வேண்டும். எம்எஸ் ஆபீஸ், லேப்டாப்போடு வந்ததா, எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று மகனைக் கேளுங்கள். அந்தக் கணக்கில் நுழைந்தால் திரும்ப இறக்கிக்கொள்ளலாம்.

அப்புறம் அழிப்பது சுலபம். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, ரீசெட் பிசி. "ரிமூவ் எவ்ரிதிங்" என்பதைத் தேர்ந்து, கிளவுட் டவுன்லோடு கொடுங்கள். 4 ஜிபிக்கு மேல் இறங்கும். போன் டேட்டாவில் வேண்டாம், வைஃபை உள்ள இடத்தில் செய்யுங்கள். "கிளீன் டேட்டா" என்பது லேப்டாப்பை விற்பவர்களுக்கானது, மணிக்கணக்கில் ஓடும். உங்களுக்குத் தேவையில்லை.

ரீசெட் பாதியில் நின்றுவிட்டால்தான் பென்டிரைவ் வழி. பென்டிரைவில் விண்டோஸை ஏற்றித் தரும் மீடியா கிரியேஷன் டூல் மைக்ரோசாப்ட் தளத்தில் இலவசம், 8 ஜிபி பென்டிரைவ் போதும். இதில் உங்கள் 11-ஆம் தலைமுறைக்கென்றே ஒரு வில்லங்கம் இருக்கிறது. எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில் பட்டியல் காலியாக இருக்கலாம். கடையில் இதைக் காட்டித்தான் "எஸ்எஸ்டி போச்சு சார், புதுசு போடணும்" என்பார்கள். காலைவரை ஓடிய எஸ்எஸ்டி, அதாவது லேப்டாப்பின் டிஸ்க், பென்டிரைவைச் செருகியதும் எப்படிப் போகும்? இந்தத் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் டிஸ்க்குக்கு முன்னால் இன்டெல் விஎம்டி என்றொரு ஏற்பாடு இருக்கிறது. நிறுவும் நிரலிடம் அதைக் கையாளும் டிரைவர் என்ற சிறு நிரல் இல்லை, அதனால் டிஸ்க் கண்ணில் படவில்லை. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு, இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டராக வையுங்கள். காலித் திரையிலேயே "லோட் டிரைவர்" என்று இருக்கும். அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்து நிற்கும். அந்த டிரைவரைத் தேடி எடுப்பதற்குள் தளத்தில் நாலு விளம்பரத்தை மூட வேண்டியிருக்கும், அது வேறு விஷயம். டிஸ்க் தெரிந்ததும் டி-யின் பகுதியைத் தொடாதீர்கள். விண்டோஸ் ஏறியதும் வைஃபை தெரியாவிட்டால், போனை கேபிளில் இணைத்து, போனின் இணையத்தை லேப்டாப்புக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் கடைக்கே போங்கள். ஆனால் விட்டுவிட்டு வராதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் மின்னஞ்சலை நீங்களே தட்டி, வேலைக்கான கூலியை மட்டும் பேசிக் கொடுங்கள். வீட்டில் செய்வதானால் சார்ஜரைச் செருகி வைத்துத் தொடங்குங்கள். பேட்டரி செத்துப்போன லேப்டாப் என்றால், கரண்ட் நிறுத்தும் நாளா என்று மின்வாரிய அறிவிப்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.