100 எம்பிபிஎஸ் இணைப்பில் டவுன்லோடு 12-லேயே நிற்பது ஏன்?

எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் வரும் என்ற கணக்கு. டவுன்லோடு திரையில் தெரிவதோ பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட்; 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. ஆக, இணைப்பு சரியாகத்தான் இருக்கிறது.

அதற்கும் கீழே போனால்? கணினியை லேன் கேபிளால் நேரே ரௌட்டரில் இணைத்துச் சோதியுங்கள். அதிலும் வேகம் குறைவு என்றால் நிறுவனத்திடம் புகார் செய்யலாம். முழு வேகம் வந்தால் கோளாறு வைஃபையில். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாய் வாய் அடைத்திருந்தால் வாளி மெதுவாகத்தானே நிறையும்? வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பக்கத்து வீட்டு ரௌட்டர், புளூடூத் எல்லாம் நெருக்கியடிக்கும், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். அலமாரிக்குள் ஒளித்துவைத்த ரௌட்டரையும் (பலர் செய்வதுதான்) வெளியே எடுங்கள்.

அப்புறம், வைஃபை சின்னத்தில் கோடுகள் முழுதாக இருந்தால் இணைய வேகமும் முழுதாக இருக்கும் என்றில்லை. அவை போனுக்கும் ரௌட்டருக்கும் இடையிலான சிக்னலை மட்டுமே காட்டுகின்றன.