பழைய வீட்டுக் குளியலறையில் கமோடை இடம் மாற்றலாமா?

கேள்வி: 40 வருடப் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறோம். குளியலறை 5 அடிக்கு 8 அடி. கதவைத் திறந்தால் கமோடில் இடிக்கிறது. வாக்கர் பிடித்து நடக்கும் அம்மாவால் உள்ளே திரும்பவே முடியவில்லை. கமோடை எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோய், அது இருந்த இடத்தில் ஷவர் வைக்க நினைக்கிறோம். கொத்தனார் தாராளமாக மாற்றலாம் என்கிறார். பிளம்பர் வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

நான் பிளம்பர் பக்கம்தான். ஆனால் வேண்டாம் என்று அவர் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். எதனால் வேண்டாம் என்பதை அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் அம்மாவின் சிரமம் தீர, கமோடு எதிர்ச் சுவருக்குப் போயே ஆக வேண்டும் என்பதில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அங்கே முதல் தொல்லை கதவு. அடுத்தது கமோடு எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்பது. அது இருக்கும் இடம் அதற்கும் பிறகுதான்.

குளியலறையில் மற்ற எல்லாவற்றையும் ஓரளவு நினைத்தபடி நகர்த்தலாம். வாஷ்பேசினுக்கு 32 அல்லது 40 மி.மீ. குழாய் போதும், சுவரோரமாகவே கொண்டுபோய்விடலாம். ஷவர் தண்ணீருக்கு அதைவிடச் சற்றுப் பெரிய குழாய் வேண்டும். கமோடுக்கு வரும் குழாய் பெரும்பாலும் 110 மி.மீ. அதில் போவது வெறும் தண்ணீரும் இல்லை. அதனால் வாட்டம் சரியாக இருந்தே ஆக வேண்டும். மீட்டருக்கு ஒன்றேகால் முதல் இரண்டரை செ.மீ. வரை இறக்கம் கொடுப்பது வழக்கம். இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் குழாயின் மறுமுனை 5 செ.மீ. வரை கீழே போக வேண்டும். குழாயின் பருமன், மேலே வரும் வளைவு, அதற்கும் மேல் கான்கிரீட், டைல்ஸ் எல்லாம் சேர்ந்தால் தரைக்குக் கீழே ஒரு அடிக்குக் கிட்டத்தட்ட ஆழம் தேவைப்படும். மண் தரை மேல் கட்டிய தளமென்றால் தோண்டிக்கொள்ளலாம். மாடியில் அந்த ஆழம் ஏது? அப்போதுதான் "தரையைக் கொஞ்சம் உயர்த்திக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். வாக்கர் பிடித்து நடக்கிறவருக்கு வாசலில் ஒரு படி முளைத்தால், அந்தக் குளியலறையைப் புதுப்பித்ததில் என்ன பயன்? இதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவே ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அதனால் வரைபடம் போடுவதற்கு முன்பே, கமோடின் குழாய் இப்போது எந்த வழியாக எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள். பழைய வீடுகளில் இதை ஊகிக்கவே கூடாது. அப்பாவுக்கு மூட்டுவலி வந்தபோது எங்கள் வீட்டுக் குளியலறையை மாற்ற இறங்கினோம். பின்சுவருக்கு வெளியே இருக்கும் சேம்பரில்தான் (கழிவுநீர் வந்து சேரும், மூடி போட்ட சிறு தொட்டி) குழாய் விழுகிறது என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். பிளம்பர் ஒரு வாளித் தண்ணீரில் நீலச் சாயம் கலந்து கமோடில் ஊற்றச் சொன்னார். வெளியே சேம்பர் மூடியைத் திறந்துவைத்துக் காத்திருந்தோம். பின்பக்க சேம்பரில் துளி நீலம் வரவில்லை. பக்கவாட்டில், செடிகளுக்கு நடுவே புதைந்துகிடந்த இன்னொரு மூடியைத் தேடி நெம்பித் திறந்து, இன்னொரு வாளி ஊற்றினோம். சற்று நேரத்தில் அங்கே நீலம் ஓடியது. எந்தப் பக்கச் சுவரோரமாகக் குழாய் போகிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஒரு வாளித் தண்ணீர் போதும், செய்து பாருங்கள். தூண் குழாயில் நேராக இறங்கும் மாடி வீடென்றால் அந்தத் தூண் எந்த மூலையில் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இனி உங்கள் அறைக்கு வருவோம். கமோடு ஒரு மூலைக்குப் பக்கத்தில் இருக்கிறதா? தரையில் இறங்கும் அதன் கழிவுத் துளை இரண்டு சுவர்களிலிருந்தும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருந்தால், குழாயைத் தொடாமலே கமோடை 90 டிகிரி திருப்பி அடுத்த சுவரில் முதுகு சாய வைத்துவிடலாம். இரண்டு மூன்று செ.மீ. வித்தியாசம் என்றால் ஆஃப்செட் கனெக்டர் (துளையும் கமோடும் நேராக இல்லாதபோது இணைக்கும் சற்றே விலகிய துண்டு) போட்டுச் சமாளிக்கலாம். எங்கள் வீட்டில் செய்தது இதைத்தான். துளையை நகர்த்தவில்லை. கமோடின் முகம் கதவை விட்டுத் திரும்பியது, அதன் முன்னால் நடமாட இடம் கிடைத்தது.

புதுக் கமோடு வாங்கும்போது, சுவரிலிருந்து துளையின் மையம் எவ்வளவு தூரம் என்பதுதான் முக்கியமான அளவு. சுவரைக் கொத்தி வெறும் செங்கல்லாக நிற்கும்போது டேப் பிடித்துவிட்டுக் கடைக்குப் போகக்கூடாது. பூச்சும் டைல்ஸும் சேர்ந்து 2, 3 செ.மீ. ஏறிவிடும். வேலை முடிந்த சுவரிலிருந்துதான் அந்தத் தூரத்தைக் கணக்கிட வேண்டும். உங்களுடையது தரையில் இறங்கும் எஸ் டிராப்பா, சுவர் வழியாக வெளியே போகும் பி டிராப்பா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவுக்கு வழி எளிது. வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள், அல்லது நகரும் கதவாகப் போடுங்கள். இடம் மிச்சமாவது ஒரு பக்கம். உள்ளே யாராவது மயங்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது. வாக்கர் நுழையத் திறப்பு 80 செ.மீ.யாவது வேண்டும், 90 கிடைத்தால் நல்லது. பழைய குளியலறைக் கதவுகள் இதைவிடக் குறுகலாகத்தான் இருக்கும். அகலப்படுத்துவதென்றால் கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் புது அகலத்துக்குத் தாங்குமா என்று விவரம் தெரிந்த பொறியாளர் ஒருவர் பார்க்கட்டும். அந்தச் சுவர் மேல்தளத்தைத் தாங்குகிறதென்றால் அவர் இல்லாமல் உளியை எடுக்கவே வேண்டாம்.

அளவுகளைத் தாளில் மட்டும் பார்த்தால் போதாது. கமோடின் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவருக்கு 38 செ.மீ.க்குக் குறையக்கூடாது, 45 இருந்தால் கை வீச இடமிருக்கும். முன்பக்கம் 60 செ.மீ. காலியாக வேண்டும், வாக்கருக்கு இன்னும் கூடுதல். இவற்றையெல்லாம் கூடத்துத் தரையில் சாக்பீஸால் உண்மையான அளவில் வரையுங்கள். கமோடு இருக்கும் இடத்தில் ஒரு நாற்காலி, வாஷ்பேசின் இருக்கும் இடத்தில் ஒரு ஸ்டூல் மேல் அட்டைப்பெட்டி. அம்மாவை வாக்கரோடு நடந்து வந்து, திரும்பி, உட்கார்ந்து, எழுந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்பா எங்கள் கோட்டுக்குள் நடந்தபோது வாக்கரின் கால் ஒவ்வொரு முறையும் அட்டைப்பெட்டியின் மூலையில் தட்டியது. தாளில் அந்த இடம் தாராளமாகத் தெரிந்தது! வாஷ்பேசினைக் கதவுப் பக்கம் ஒதுக்கி, ஆழம் குறைந்ததாக வாங்கினோம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கமோடு எதிர்ச் சுவருக்குத்தான் போக வேண்டும் என்றால், அதுவும் முடியாத காரியம் இல்லை. எதிர்ச் சுவர் வெளிச்சுவராக இருந்து, அதற்கு வெளியே சேம்பரோ தூண் குழாயோ அருகிலேயே இருந்தால் பி டிராப் வைத்துச் சுவர் வழியாகவே வெளியேற்றிவிடலாம், தரையை உடைக்கவே வேண்டாம். சுவரில் தொங்கும் கமோடும் இதற்குத் தோது. தரை துடைப்பது சுலபம், உட்காரும் உயரத்தையும் அம்மாவுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். அதன் தண்ணீர்த் தொட்டியைப் புதைக்கச் சுவரைக் குடையாதீர்கள். சுவருக்கு முன்னால் இடுப்பளவுக்குச் சற்று மேலே ஒரு குட்டைச் சுவர் எழுப்பி அதற்குள் வையுங்கள், மேல்பகுதி சோப்பு, துண்டு வைக்கவும் உதவும். ஆனால் அது 15 முதல் 20 செ.மீ. இடத்தைத் தின்னும். சாக்பீஸ் கோட்டில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழாய் தரைக்குள்தான் போக வேண்டும் என்றால் ஒரே 90 டிகிரி வளைவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி வளைவுகளாகக் கேளுங்கள். அடைப்பெடுக்க ஒரு திறப்பு, கை எட்டும் இடத்தில். மாடித் தளத்தில் துளையிடும்போது பீமைத் தொடக்கூடாது, கம்பியை அறுக்கக்கூடாது. மரத் தளமென்றால் உத்தரத்தின் மேல் விளிம்பையோ கீழ் விளிம்பையோ வெட்டிக் குழாய் நுழைக்க விடாதீர்கள், உத்தரத்தின் பலமே அந்த விளிம்புகளில்தான் இருக்கிறது. கீழ்வீட்டில் வேறொருவர் குடியிருந்தால் அவர்களுடைய படுக்கையறைக்கு மேல் உங்கள் ஷவர் வரக்கூடாது. அனுமதி வேண்டுமா என்பதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

கழிவுக் குழாய்க்குள் காற்று வர விடும் வென்ட் குழாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இடம் மாற்றும்போது அதிகம் மறந்துபோவது இதுதான். ஒவ்வொரு கழிவுத் துளைக்கும் கீழே டிராப்பில் 5 செ.மீ. அளவுக்குத் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாடையை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். கமோடின் பெருவெள்ளம் குழாயில் இறங்கும்போது பின்னாலேயே காற்றை இழுக்கும். காற்று வர வென்ட் இல்லையென்றால், பக்கத்திலுள்ள தரை டிராப்பின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ஃபிளஷ் செய்ததும் தரை ஓட்டையில் களக் களக்கென்று சத்தம் வந்து, அப்புறம் நாற்றம் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். கமோடு பழைய வென்ட்டை விட்டுத் தூரம் போனால் புது இடத்துக்கும் வென்ட் எங்கிருந்து என்று பிளம்பரிடம் கேளுங்கள்.

பழைய குழாய்கள் இன்னொரு கவலை. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் உள்ளுக்குள் துருப்பிடித்து வழி சுருங்கிப்போயிருக்கும். ஷவரில் தண்ணீர் சன்னமாக வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். புதுக் குழாயைப் பாதியில் பழையதோடு ஒட்டாமல், சுவர் திறந்திருக்கும்போதே முழு நீளத்தையும் மாற்றிவிடுங்கள். சாம்பல் நிறத்தில் மிருதுவாக, சுரண்டினால் வெள்ளியாகப் பளபளக்கும் குழாய் கண்ணில் பட்டால் அது ஈயம். குடிக்கும் தண்ணீர் அதில் வரவே கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய் இருந்தால் கட்டிங் மெஷின் வைக்க விடாதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. அதைப் பாதுகாப்பாக எடுக்கத் தெரிந்தவர்களை அழையுங்கள்.

ஷவர் இடம் மாறினால் மின்சாரமும் மாற வேண்டும். நேற்றுவரை உலர்ந்த பக்கமாக இருந்த சுவரின் சுவிட்ச், நாளை குளிப்பவரின் ஈரக்கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். அதை வெளியே கொண்டுபோங்கள். அந்த இணைப்புக்கு 30 மில்லியாம்பியர் ஆர்.சி.டி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லையென்றால் இப்போதே போட்டுவிடுங்கள். கைப்பிடிக் கம்பிகளின் இடத்தையும் இந்தக் கட்டத்திலேயே குறிக்க வேண்டும். தரையிலிருந்து 85, 90 செ.மீ. உயரத்தில், அம்மா எழும்போது கை தானாகப் போகும் பக்கத்தில். மெல்லிய சுவரென்றால் கம்பி பிடிக்கும் இடத்தை மட்டும் உள்ளே பலப்படுத்திவிட்டுப் பூச வேண்டும். அப்படிப் பலப்படுத்தாமல் டைல்ஸ் ஒட்டிய பிறகு துளை போட்டால் பிடிமானமும் இருக்காது, ஓதமும் ஏறலாம்.

தரை முழுக்க ஒரே மட்டத்தில் இருக்கட்டும், ஷவர் பகுதியில் மட்டும் கதவுக்கு எதிர்த்திசையில் வாட்டம். டைல்ஸ் பற்றி ஒன்றுதான், வழுக்காததாக வாங்குங்கள்.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இரண்டு கோட். சுவரோரம் ஒரு அடி, ஷவர் பக்கம் ஆள் உயரம். குழாய் தரையைத் துளைத்து வரும் இடங்களைச் சுற்றி அவர்கள் எப்படிப் பூசுகிறார்கள் என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள், பெரும்பாலும் ஒழுகுவது அங்கேதான். காய்ந்ததும் கழிவு ஓட்டைகளை அடைத்து, தண்ணீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். கொத்தனார் அவசரப்படுத்துவார், விட்டுக்கொடுக்காதீர்கள். மட்டம் இறங்கவில்லை, கீழ்க்கூரையில் ஈரமும் இல்லை என்றால் டைல்ஸ் வேலையைத் தொடங்கச் சொல்லலாம்.